இரவல் பாவம்

மேற்றிசையில் திரண்டெழுந்த கார்முகில், பகலவன் முகத்தை விரல் விரலாக மூடிக்கொண்டே வந்து, கன்னியர் நடத்திய அப்பள்ளியின் செந்நிற ஓட்டுக் கூரைகளின் மேலும், நெடிய நடைவழிகளின் வெண்தூண்களின் மேலும், சிற்றாலயத்தின் உச்சியில் தனித்து நின்ற சிலுவையின் மேலும், நனைந்த போர்வையை விரித்தாற்போலக் கவிந்து கிடந்த பிற்பகல் வேளை அது. முற்றத்து மரங்கள் இலையசைக்க மறந்து, கண்டிப்பான ஆசிரியை நுழைந்த வகுப்பறைபோல வாயடங்கி நின்றன. மறுநாள் காலையில் முதன்முறையாக நற்கருணை பெறவிருந்த சிறுமியர்க்கென வெளுத்து, தேய்த்து, தையலறைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்த வெள்ளாடைகள், உடலைத் தேடி அலையும் சிற்றுயிர்கள்போல, காற்றில்லாத அவ்வறையிலும் ஏனோ மெல்ல அசைந்தன. ஆலயத்தின் உள்ளேயோ இருள் முன்னரே குடியேறிவிட்டது. நற்கருணைப் பேழையின் அருகே செந்நிறக் கண்ணாடிக்குள் எரியும் அணையா விளக்கொன்று மட்டும், துயிலாத கண்ணொன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் ஒளிர்ந்தது. அவ்விளக்கு எரிகின்றவரை இயேசு இங்கே இருக்கின்றார் என்பது பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். ஆகவே முழந்தாள் மடித்து வணங்காமல் அதைக் கடந்து செல்பவள் அப்பள்ளியில் ஒருத்தியும் இல்லை.

அன்புடையீர், அச்செங்கண்ணை நேர்நோக்க அஞ்சி, கடைசி இருக்கையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை உங்களுக்குக் காட்ட விழைகின்றேன். காலடி ஓசை கேளாமல் நடப்பவள் என்பதால் தோழியர் அவளைப் ‘பூனை’ என்றே அழைத்தனர். அவள் நெஞ்சில் அன்று குடிகொண்டிருந்த அச்சம், அவள் வயதுக்கும் உடலுக்கும் பெரிது. அதன் வேரை அறிய வேண்டுமாயின் சில திங்கள்கள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தன் தாயின் மடியில் தானொருத்தியே அரசு செலுத்தி வந்த அம்மகள், “உனக்கொரு தம்பியோ தங்கச்சியோ வரப்போகுதுடி” என்று தாய் மகிழ்ந்து சொன்ன நாளின் மறுநாள், பள்ளி விட்டதும் இதே ஆலயத்துக்குள் நழுவி வந்து, இதே செவ்விளக்கின்முன் மண்டியிட்டு, “இயேசுவே, அது எங்களுக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ” என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளைகளின் வேண்டுதலை அவர் ஒருபோதும் தட்டுவதில்லை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழந்தை பிறக்கவேண்டிய காலத்துக்கு மிக முந்தியே, ஒரு கையில் அடங்கும் அளவினனாய், அழவும் வலுவின்றிப் பிறந்தான். மருத்துவமனையின் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டான். அதன்பின் ஒவ்வொரு காலையும், முற்றத்தில் பள்ளி முழுதும் அணிவகுத்து நிற்க, தலைமைக் கன்னிகை ஒலிபெருக்கியில், “நம்ம பிள்ளை ஒருத்தியோட தம்பிக்காக மன்றாடுவோம்” என்பார். நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாய்த் திரண்டு ‘ஆமென்’ என்று எழும். அக்குரல்களுக்கு நடுவே பூனை மட்டும் பற்களைக் கடித்துக்கொண்டு நிற்பாள். குடிநீர்க் குழாயானாலும் உணவுக் கூடமானாலும் வரிசையில் முந்தி நின்றவருக்கே முதலில் கிடைக்கும் என்பது அவள் அறிந்த அறம். விண்ணகத்திலும் அப்படித்தானே இருக்கும்? தன் வேண்டுதல் முந்திப் போய்விட்டது. பள்ளியின் வேண்டுதல் எத்துணைப் பெரிதாயினும் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இனி, பிழை நேர்ந்த வகையைக் கேளுங்கள். முதல் நற்கருணைக்குமுன் சிறுமியர் முதன்முறையாகப் பாவ அறிக்கை செய்தாக வேண்டும். அதற்கு ஒத்திகை நடத்தும் பொறுப்பு, உருவில் சிறியவராதலால் ‘குட்டி சிஸ்டர்’ என்று பிள்ளைகள் அழைத்த இளங்கன்னிகையிடம் இருந்தது. அவர் வகுப்பறையில் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு திரையைக் கட்டி, ஒன்றில் தாம் அமர்ந்துகொண்டார்.

“உங்க சொந்தப் பாவத்தை எங்கிட்ட சொல்லவே கூடாது. அது ஃபாதர் காதுக்கு மட்டும்தான். ஒத்திகைக்கு நானே ஆளுக்கு ஒண்ணு இரவல் தரேன்” என்றார்.

உடனே, மெல்லப் பேசவே அறியாத காரணத்தால் ‘வெங்கலம்’ என்று பெயர் பெற்றவள் துள்ளியெழுந்தாள். “சிஸ்டர், எனக்கு நல்ல பெரிய பாவமாக் குடுங்க! நாடகத்துலகூட எனக்கு மரம் வேஷம்தான் குடுத்தீங்க!”

வகுப்பு சிரித்தது. சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுக் காற்றின்மேல் பழி போட்ட பாவம் வெங்கலத்துக்கு வழங்கப்பட்டது. ஒருத்திக்குப் பொய், ஒருத்திக்குச் சோம்பல் என்று பகிர்ந்து வந்த குட்டி சிஸ்டர், பூனையின் முறை வந்தபோது, கண்ணாடிப் பேழைக்குள் கிடப்பவன் இவள் தம்பியே என்பதை அறியாதவராய், “நீ தம்பியைக் கிள்ளினேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டார். நாள்தோறும் அவ்விரவற் பாவங்களைச் சொல்லிச் சொல்லி, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் பிள்ளைகள் ஒப்பிக்கத் தேர்ந்தனர்.

அன்றைய பிற்பகலில் உண்மையான திரைக்குப் பின்னே முதிய அருட்தந்தை வந்தமர்ந்தார். சிறுமியர் ஒவ்வொருவராய்ச் சென்று மீண்டனர். பூனையும் சென்றாள். தம்பி வேண்டாம் என்று தான் வேண்டியதைச் சொல்லத்தான் சென்றாள். வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும். உண்மையாகிவிட்டால் கண்ணாடிக்குள் கிடக்கும் அச்சிறு மூச்சு நின்றுவிடும் என்று அவள் உள்ளம் நடுங்கியது. அந்நடுக்கத்தினூடே, பழகிய நாக்கு தானாய்ப் புரண்டு, “தம்பியைக் கிள்ளினேன், ஃபாதர்” என்றது. அவள் அவனைத் தொட்டதுகூட இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருமுறை பார்த்ததோடு சரி. மன்னிப்பைப் பெற்று வெளியே வந்தவள், பிறர் பொருளைக் கவர்ந்து வந்தவள்போல் கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு கடைசி இருக்கையில் ஒடுங்கினாள்.

இறுதியாகச் சென்றவள் வெங்கலம். பிறகு ஆலயத்தின் கூரை அதிர எழுந்தது அவள் குரல்: “சன்னல் கண்ணாடியை உடைச்சிட்டுக் காத்து மேல பழியைப் போட்டுட்டேன் ஃபாதர்!”

வெளியே வந்தவளைத் தோழியர் சூழ்ந்துகொண்டனர்.

“அது ஒத்திகைப் பாவம்டி, லூசு!”

“தெரியும்டி. பயத்துல என்னோடது மறந்துபோச்சு. வாயைத் திறந்தா அதுதான் வந்துச்சு.”

சிரிக்கத் தொடங்கிய ஒருத்தி சட்டென்று நிறுத்தினாள். “எனக்கும்டி” என்றாள் மெல்ல. “எனக்கும்” என்றாள் இன்னொருத்தி.

“அப்போ பாவமன்னிப்புலயே பொய் சொல்லிட்டோமா?”

“அதோட நாளைக்கு நற்கருணை வாங்கினா நாக்கு வெந்துடுமாம். எங்க அக்கா சொன்னா.”

உலர்ந்த புல்வெளியில் விழுந்த தீப்பொறிபோல் அச்சம் இருக்கைக்கு இருக்கை தாவிற்று. சிறுமியர் தம் நாவை உள்ளிழுத்து வாயைப் பொத்திக்கொண்டனர். அந்நேரம் பார்த்து முதல் இடி முழங்க, ஓரிருவர் வாய்விட்டு அழலாயினர்.

தூணருகே நின்று அனைத்தையும் கேட்ட குட்டி சிஸ்டரின் முகத்தில் குருதி வற்றியது. மெய்யுரைக்க வேண்டிய ஓரிடத்தின் வாயிலில் நிறுத்தி, பொய்யை உருவேற்றிக் கையில் கொடுத்தனுப்பியவள் தான் அன்றோ? அவர் திரையை நோக்கி விரைந்தார். அங்கே முதிய அருட்தந்தை, அறிக்கையெல்லாம் முடிந்த பின்னும், அதற்கென அணிந்த ஊதாத் துகிலைக் கழுத்திலிருந்து களையாமல், நெற்றியின்மேலே ஏற்றிவைத்திருந்த மூக்குக்கண்ணாடியைத் தரையில் தேடிக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், இன்னொரு தடவை உட்காருவீங்களா?”

“உட்கார்ந்துதானேம்மா இருக்கேன்.”

“ஏன்னு கேட்டீங்கன்னா...”

“நான் கேக்கல. நீங்களும் எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க” என்றார் அவர். அவர் இவ்வழைப்புக்காகவே காத்திருந்தார் என்பதும், பாவ அறிக்கையில் கேட்டவற்றுள் ஒரு சொல்லையும் வெளியிடலாகாது என்னும் விதியால் தவித்திருந்தார் என்பதும் அவர் விழிகளில் தெரிந்தன.

குட்டி சிஸ்டர் பிள்ளைகளிடம் திரும்பிவந்து, அவர்களின் நடுவே தரையிலேயே மண்டியிட்டு, நீரள்ளுபவர்போல் இரு கைகளையும் குவித்து நீட்டினார்.

“நான் இரவல் குடுத்ததை எல்லாம் இப்பவே எங்கிட்டத் திருப்பிக் குடுங்க. உள்ள போய் அதைச் சொன்னவங்களும் குடுக்கணும், சொல்லாதவங்களும் குடுக்கணும். யார் சொன்னீங்கன்னு நான் கேக்க மாட்டேன். தப்பு என்னோடது.”

ஒவ்வொருத்தியாய் வந்து அக்கைகளுக்குள் குனிந்து, தனக்குத் தரப்பட்டதை மெல்ல ஓதிவிட்டுச் சென்றாள். வெங்கலம் ஓதியது மட்டும் மணிக்கூண்டுவரை கேட்டது. பூனை வந்தாள், குனிந்தாள்.

“இதைக் குடுத்துட்டா, எங்கிட்ட வேற ஒண்ணுதான் இருக்கும், சிஸ்டர்.”

“அதுக்குத்தான் கண்ணு குடுக்கச் சொல்றேன்.”

பூனை அக்கைகளுக்குள் எதையோ மூச்சாய் விட்டாள். குட்டி சிஸ்டர் எழுந்து, கைகளை இறுக மூடிக்கொண்டு, வரிசையின் முதலில் தாமே போய் நின்றார். அவரை இதுகாறும் திரைக்கு அப்பால் அமர்ந்த முகமாகவே கண்டிருந்த சிறுமியர், இப்போது அவர் முதுகைக் கண்டனர். அம்முதுகு தங்கள் முதுகைப் போலவே நடுங்குவதையும் கண்டனர். அந்தக் காட்சிக்குப் பின் எவளும் அழவில்லை. ஒருத்தியின் பின்னலை மற்றொருத்தி பற்றிக்கொண்டு, ஆற்றைக் கடப்பவர்போல் ஒருவர்பின் ஒருவராய் நின்றனர்.

மழை கொட்டத் தொடங்கிற்று. வரிசை மெல்ல நகர்ந்தது. அப்போது ஆலயத்தின் பக்கவாயிலில் ஓர் உருவம், நீர் சொட்டும் குடையுடன் நிழலாய் வந்து நின்றது. பூனையின் தந்தை! வேலை நேரத்தில், ஈரம் படிந்த வேலையுடையோடு, ஒருநாளும் அவர் பள்ளிக்கு வந்ததில்லை. அவர் யாரையோ தேடி, கண்டு, கையால் சைகை காட்டி அழைத்தார். அவ்வொரு கையசைவில் பூனைக்கு உலகம் முடிந்துபோயிற்று. முந்திச் சென்ற வேண்டுதலுக்கு விடை வந்துவிட்டது. அவள் கால்கள் தந்தையை நோக்கி நகரவில்லை. பிறந்தது முதல் எந்த வரிசையையும் மீறியறியாத அவள், வரிசையைப் பிளந்துகொண்டு முன்னே பாய்ந்தாள். அடுத்து நுழையவிருந்தவள் வெங்கலம். அவள் பூனையின் முகத்தைப் பார்த்தாள், ஒதுங்கி வழிவிட்டாள்.

“போடி, நீ போ. என்னோடது எப்படியும் ஊருக்கே கேக்கப்போகுது.”

அன்புடையீர், கதை சொல்பவளுக்குப் பூட்டிய அறையும் திறக்கும், மூடிய நெஞ்சும் திறக்கும் என்பர். எனினும் அத்திரைக்கு இப்பால் என் கால்கள் நின்றுவிட்டன. அங்கே அவள் சொன்னது இன்னதென்று நீங்கள் அறிவீர்கள். அவள் கேட்டது இன்னதென்று நானும் அறியேன். மழையின் பேரொலியும், அதனிடையே முதியவர் ஒருவர் மூக்கை உறிஞ்சும் ஓசையும் மட்டுமே வெளியே நின்றோர்க்குக் கேட்டன.

அவள் வெளியே வந்தாள். தந்தையிடம் சென்றாள். அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தம்பியை உள்ள வந்து தொட்டுப் பாக்கலாம்னு சொன்னாங்க கண்ணு. அம்மா உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னா.”

“எதுக்குப்பா தொடச் சொல்றாங்க?”

“எதுக்குன்னு நான் கேக்கல” என்றார் தந்தை. “கேக்கப் பயமா இருந்துச்சு.”

பெரியவர்களும் அஞ்சுவர் என்பதை ஒரே பிற்பகலில் இரண்டாம் முறையாகக் கற்றுக்கொண்ட அச்சிறுமி, அவர் விரலைப் பற்றிக்கொண்டு நீர் தேங்கிய தெருக்களில் ஓசையின்றி நடந்தாள்.

மருத்துவமனையின் அவ்வறையில் விளக்குகள் தணிந்திருந்தன. தாய் எழ வலுவின்றிச் சாய்ந்திருந்தாள். கண்ணாடிப் பேழையின் ஓரத்தில், கருவி இயங்குகின்றது என்பதற்கு அடையாளமாக, சிறு செவ்விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் பூனை, பழகிய பழக்கத்தால், சட்டென்று முழந்தாள் மடித்து வணங்கினாள். செவிலி புன்னகைக்கத் தொடங்கி, அம்முகத்தைக் கண்டு, புன்னகையை விழுங்கிக்கொண்டாள். பேழையின் பக்கத்தில் இருந்த வட்டத் திறப்பின் வழியே பூனை தன் கையை நுழைத்தாள். வெந்நீரில் நனைத்த பூவிதழ்போல் மென்மையாய், வெதுவெதுப்பாய் இருந்தது தம்பியின் மார்பு. அது ஏறிற்று, இறங்கிற்று; சற்றே நின்றது; அவள் மூச்சும் நின்றது; மீண்டும் ஏறிற்று.

“அப்பா, நான் இவனைக் கிள்ளவே இல்லப்பா.”

“கிள்ளினன்னு யாரு சொன்னா?”

தந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் உச்சியில் கைவைத்தார். “அவன் பெரியவனாகட்டும். அப்புறம் வேணும்கிற மட்டும் கிள்ளிக்கோ.”

விடிந்தது, குழந்தை அன்றும் உயிரோடு இருந்தான். வெள்ளாடை அணிந்த சிறுமியர் வரிசையாய்ச் சென்று, வாய் திறந்து, நற்கருணை பெற்றனர். எவள் நாவும் வெந்துபோகவில்லை. தலைமைக் கன்னிகை, “நம்ம பிள்ளையோட தம்பிக்காக” என்று தொடங்கி முடித்தபோது, ஒருநாளும் ஒலித்திராத ஒரு குரல் வெங்கலத்தின் குரலோடு சேர்ந்து ‘ஆமென்’ என்று எழக் கேட்டுக் குட்டி சிஸ்டர் தலைகுனிந்தார். அந்த ஆமெனுக்குப் பின்னால் மறைந்திருந்த வேண்டுதலை ஒருவரும் அறியார். தான் சொன்ன பொய் ஒருநாள் மெய்யாக வேண்டும், தம்பி வளர்ந்து, தன் பொருளைப் பறித்து, தன்னைச் சினமூட்டி, தன் கையால் நன்றாய் ஒரு கிள்ளு வாங்கி, வீடதிர அழவேண்டும், அதன் பிறகு தான் வந்து அப்பாவத்தைத் தன் சொந்தப் பாவமாகவே சொல்ல வேண்டும் என்பதே அது. தூயோரின் நோன்புகளும் துறவோரின் துதிகளும் அன்று விண்ணேகியிருக்கும்; அவற்றின் நடுவே, பாவம் செய்யும் பேறு கேட்டு நடுங்கி நின்ற இச்சிறு வேண்டுதல் வரிசையில் எங்கே நின்றது என்பதை, அச்செவ்விளக்கின் அருகிருந்து கேட்டவர் ஒருவரே அறிவார்.