பார்க்கும் வரிசை

ஒன்பதாவது படத்துக்கு நேராக வந்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்து ஆளிடம் "இது யாரு? நல்லதா கெட்டதா?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பந்திக்கு முந்தத் தெரிகிறது, முந்தைய எட்டுப் படங்களை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரத் தெரியவில்லை.

வோர்கான் என்பது கடலுக்கடியிலிருந்து எழுந்து வரும் ராட்சதப் பிராணி. முதுகெல்லாம் பாறை. முதல் படத்தில் தனியாக வந்தது. பிறகு இறக்கை வைத்த நெஸ்ரா வந்தது, அதற்கொரு படம். அப்புறம் பனிக்கடியில் தூங்கிய ஒன்று, அதற்கும் ஒரு படம். எல்லாம் ஒரே உலகம். ஒரு படத்தில் இடிந்த பாலத்தை மூன்று படம் தள்ளி யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள். அதைக் கவனிக்கிறவன்தான் ரசிகன் என்பது என் கட்சி.

தௌஃபிக்கின் கட்சி வேறு. "மச்சான், பெருசா ஒன்னு வருது, கட்டடம் விழுது, நாம பாப்கார்ன் திங்கிறோம். இதுக்கு எதுக்கு லா பரீட்சை?" என்பான். புந்தோங்கில் அவனுடைய சாப்பாட்டுக் கடையின் மாடியில் உட்கார்ந்து, ஆறு வருடமாக இந்தச் சண்டையைத்தான் நாங்கள் இருவரும் யூடியூபில் போட்டுக்கொண்டிருக்கிறோம். சேனலின் பெயர் 'மலையளவு'. நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். பகலில் நான் நில அலுவலகத்தில் வேலை பார்க்கும் அருணன். அங்கே என்னை ஒரு ஈயும் மதிக்காது. சேனலில் மட்டும் நான் நீதிபதி.

வோர்கான் படங்களை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் போட்டு வைத்திருந்தேன். ஒன்பது படங்கள், நடுவில் எட்டு பாகத் தொடர் ஒன்று. வெளிவந்த வரிசை அல்ல, கதை நடந்த வரிசை. கடைசியில் ஒரு விதி: திரையில் கடைசிப் பெயர் போய் முடியும் வரை எழுந்திருக்கக் கூடாது, அதற்குப் பிறகுதான் அடுத்த படத்துக்கான துண்டுக் காட்சி வரும்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டார். அவர் பெயர் இராஜசிங்கம். தாப்பா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் டிரசராக இருந்தவர். காய்ச்சலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, பாம்புக் கடிக்கு முதலுதவி எல்லாம் அவர் கைதான். தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை மரங்கள் நட்டு, மருத்துவமனையை மூடிய பிறகு குனோங் ராபாட்டில் வீடு வாங்கினார். வீட்டில் பேசிய யாழ்ப்பாணத் தமிழும் தோட்டத்துத் தமிழும் அவர் வாயில் நெடுநாள் சண்டை போட்டு, தோட்டமே ஜெயித்தது. அம்மா போனதிலிருந்து தனியாக இருந்தார். நான் ஞாயிறுதோறும் தௌஃபிக் கடையிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போவேன். நான் பேசுவேன், அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்.

"அந்த மிருகப் படம் மார்ச்சுல புதுசா ஒன்னு வருதாமே. என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க ஒன்னுமே பாக்கலையே ப்பா. பத்தாவது படம் அது. தலையும் புரியாது வாலும் புரியாது."

"நீ பக்கத்துல இருந்து சொல்ல மாட்டியா?"

"தியேட்டர்ல பேசறது எனக்குப் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பட்டியலை அங்கேயே அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். எதையும் விடாமல் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றாகப் போகலாம் என்றேன். அவர் கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். "சரி லா. முறைன்னா முறை" என்றார்.

அவருக்கு அந்தச் செயலிகள் எல்லாம் வராது. இரண்டு பேருந்து மாறி புந்தோங்குக்குப் போய், தௌஃபிக்கிடம் தன் டேப்லெட்டைக் கொடுத்துப் படங்களை ஏற்றி வாங்கிக்கொண்டு போனாராம். தௌஃபிக்தான் சொன்னான். "மச்சான், டிரசர் அங்கிள் பாவம் லா. டேப்பை மூக்குல ஒட்டிக்கிட்டுப் பாக்குறாரு. பேசாம மார்ச்சுல கூட்டிட்டுப் போ."

"வயசாச்சு, அப்படித்தான் பாப்பாரு" என்றேன். வாய் கொழுப்பு அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரச் சேனலில், "என் அப்பாவையே நான் விடல. ஒன்பதையும் முடிச்சாத்தான் டிக்கெட்" என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன். அதுவரை நாங்கள் போட்டதிலேயே அந்தத் துண்டுதான் அதிகம் ஓடியது. கண்டிப்பான ஆள் என்று பாராட்டி எழுதினார்கள்.

மார்ச்சில் படம் வருவதற்கு முந்தின நாள் அப்பா போனில் கூப்பிட்டார். "நாலு படம் முடிச்சிட்டேன் அருணா. நாளைக்கு வாரேனே?"

"நாலா? இன்னும் அஞ்சு இருக்கு. அந்தத் தொடர் வேற இருக்கு ப்பா."

"மிச்சத்த அப்புறம் பாத்துக்கிறேன்."

"அப்புறம் பாத்தா என்ன பிரயோசனம்? நவம்பர்ல பதினோராவது வருது. அதுக்குப் போலாம்."

"சரி லா. நவம்பர்" என்றார்.

நானும் தௌஃபிக்கும் போனோம். என் இடது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதில் என் பையை வைத்திருந்தேன். இன்றைக்கும் அந்தப் பைதான் நினைவுக்கு வந்து என்னைக் கொல்கிறது.

அந்த வருடப் பிற்பாதியில் சேனல் சூடுபிடித்து என் ஞாயிறுகளைத் தின்றது, அப்பாவோடு போனில் பேசுவதோடு சரி. நவம்பரில் சொன்னபடி மத்தியானக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு குனோங் ராபாட்டுக்குப் போனேன். அப்பா சட்டையை மடித்துவிட்டு, சப்பாத்து போட்டு, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரை அவருக்கு முன்னால்தான் நிறுத்தினேன். அவர் என்னைத் தாண்டி எதையோ பார்த்து, "அருணனா?" என்றார்.

கதவைத் திறந்துவிட்டேன். கையால் தடவி இருக்கையைக் கண்டுபிடித்து ஏறினார். என் மடியில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்தார். "எல்லாம் முடிச்சாச்சு. சரி பாத்துக்க."

மருத்துவமனையை மூடியபோது மிச்சமிருந்த நோயாளிப் பதிவேடு அது. கட்டம் போட்ட பக்கங்கள். பெயர், வந்த காரணம், நிலைமை, வைத்தியம். அதில்தான் ஒவ்வொரு படத்தையும் பதிந்திருந்தார்.

'1. வோர்கான். வயது தெரியாது. வந்த காரணம்: கடலடியில் யாரோ வெடி வைத்தது. நிலைமை: பிராணிக்கு ஒரு குறையும் இல்லை. வைத்தியம் மனிதர்களுக்குத்தான் தேவை.'

'3. நெஸ்ரா. தூக்கம் போதவில்லை. எழுப்பியவனைத் திட்ட வேண்டும்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருடம் சேனல் நடத்தி நான் இப்படி ஒரு வரி பேசியதில்லை. ஐந்தாவதுக்கு எழுதியிருந்தார்: 'இரண்டும் ஏன் சண்டை போடுகின்றன என்று புரியவில்லை. அருணனிடம் கேட்க வேண்டும்.' ஆறாவதுக்கு: 'ஒரே வார்டில் இத்தனை பேரைப் போட்டால் யாரையும் சரியாகக் கவனிக்க முடியாது. முதல் படமே நல்ல படம். அருணன் ஒத்துக்கொள்ள மாட்டான். கேட்க வேண்டும்.'

பக்கம் புரளப் புரள எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. ஏழாவதில் கோட்டை விட்டு இறங்கியது. ஒன்பதாவதில் ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறிக் கிடந்தது. பத்தாவதுக்கு, அந்த மார்ச் மாதப் படத்துக்கு, பக்கம் முழுக்க ஒரே சொல்.

'கேட்டேன்.'

"அப்பா," என்றேன்.

"வலது கண்ணு போன வருசமே மங்கிப்போச்சு. சக்கரை. இடது கண்ணுல ஆகஸ்டுல ரத்தம் கசிஞ்சுது. இப்ப வெளிச்சம், நெழலு, அவ்வளவுதான் தெரியுது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போகாம இருப்பனா? நான் எத்தனை பேர அனுப்பியிருக்கேன். லேசர் வச்சாங்க, ஊசி போட்டாங்க. ஜனவரியிலேயே சொல்லிட்டாரு. பார்வை வருசம் முழுக்க நிக்கும்னு சொல்ல முடியாது, பாக்க வேண்டியத இப்பவே பாத்துக்கங்கன்னு."

ஜனவரி. அந்த ஞாயிற்றுக்கிழமை. பாக்க வேண்டியதைப் பார்க்கலாம் என்றுதான் மனிதர் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் கையில் பட்டியலைக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு மிச்சமிருந்த பார்வையை, கையகலத் திரையில், அவருக்குப் பிடிக்காத படங்களின் மேல், தனியாக உட்கார்ந்து செலவழிக்க வைத்திருக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கண் கெட்டது அவருக்கு, நமஸ்காரம் மட்டும் எனக்கு.

"ஏன் ப்பா சொல்லல?" என்று கத்திவிட்டேன். கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியும்.

"சொன்னா பாவப்பட்டுக் கூட்டிட்டுப் போயிருப்ப. அது எதுக்கு? ஒனக்குப் பிடிச்சத ஒங்கூட ஒக்காந்து பாக்கணும்னு நெனச்சேன். சரி, காரை எடு. ஆரம்பத்த விட்டுட்டா நீதான் ஏசுவ."

படம் வேண்டாம், வீட்டிலேயே இருக்கலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

தியேட்டரில் பாதிக் கூட்டம் இருந்தது. விளக்கு அணைந்ததும் அவர் காதருகே குனிந்தேன். "கடலு. ராத்திரி. ஒரு கப்பல் நிக்குது ப்பா."

"ம்."

"தண்ணி மேல எழும்புது. வோர்கான் வருது."

"எவ்வளவு பெருசு?"

நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசுகிற வாய் என்னுடையது. முதுகெலும்பின் நீளத்தை அடிக்கணக்கில் சொல்லத் தெரியும். அப்போது எனக்கு வந்தது ஒரே சொல். "பெருசு ப்பா. ரொம்பப் பெருசு."

"நம்ம வீட்டுக்குப் பின்னாடி மலை அளவு இருக்குமா?"

"ஆமா. அந்த மலை நடந்து வந்தா எப்படியோ, அப்படி."

அவர் முகம் மலர்ந்தது. நான் சொல்லிக்கொண்டே போனேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி என் தோளைத் தட்டினாள். "அண்ணே, வீட்டுல போய் பேசுங்க லா. நாங்க படம் பாக்க வேணாமா?" இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு இன்னும் குரலைத் தாழ்த்தினேன். நிறுத்தவில்லை. சில இடங்களில் நான் பின்தங்கிவிட, அப்பாவே முந்திக்கொண்டார். "இந்த உறுமல் நெஸ்ராதானே? மூணாவதுல கேட்டனே." சரியாகத்தான் சொன்னார். பதினோரு படத்தையும் அவரைப்போல் கவனித்தவர் எங்கள் நாலாயிரம் பேரில் ஒருவர் இருந்தால் அதிசயம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. ஆட்கள் எழுந்து போனார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன், போகலாம் என்று.

"ஒக்காரு. கடைசிப் பேரு போகட்டும். நீதானே எழுதியிருந்த?"

உட்கார்ந்தோம். பெயர்கள் முடிந்தன, இசையும் நின்றது. இந்த முறை எந்தக் காட்சியும் வரவில்லை. விளக்குப் போட்டுவிட்டார்கள். துடைப்பத்தோடு வந்த துப்புரவு அக்கா எங்கள் வரிசை முனையில் நின்று பார்த்தார். அப்பா இன்னும் திரைப் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

"இந்தப் படத்துல ஒன்னும் வைக்கல ப்பா."

"அப்படியா?" கொஞ்சம் ஏமாந்துதான் போனார். "மார்ச்சுல வந்ததுல வச்சிருந்தானா? டேப்புல பாட்டு ஓடிச்சு, அப்புறம் சத்தமே இல்ல. ஒன்னுமில்லன்னு அணைச்சுட்டேன்."

மார்ச் மாதப் படத்தின் கடைசிக் காட்சியில் சத்தம் கிடையாது. அக்காவிடம் கைகாட்டி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அடுத்த வரிசைக்குப் போனார்.

"இருந்துச்சு ப்பா. விடியக்காலம். கடல் அமைதியா இருக்கு. கரையில அந்த இடிஞ்ச ஊரு. வோர்கான் தண்ணிக்குள்ள கழுத்து வரைக்கும் நிக்குது. யாரையும் அடிக்க வரல. சும்மா கரையையே பாத்துக்கிட்டு நிக்குது. சூரியன் எழும்பி அதோட முதுகுப் பாறையில படுது, பாறை ஒவ்வொன்னா செவக்குது. ரொம்ப நேரம். அப்புறம் மெதுவா தலையத் திருப்பி நேரா நம்மளப் பாக்குது. அவ்வளவுதான், இருட்டாயிருச்சு."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து தன் கையை எடுக்கவில்லை.

"பெரிய திரையில," என்றார் அப்பா, "நல்லா இருந்திருக்கும் லா."