கெட்டித்த துப்பாக்கி

கலைமதி முக்காலிமேல் ஏறிப் பரணிலிருந்து அப்பாவின் நாட்டுத் துப்பாக்கியை இறக்கினாள். கீழே நின்ற ஏட்டு சீனுவாசன் இரண்டடி பின்வாங்கினார்.

"குழாய மேல பார்த்துப் புடிம்மா."

கூடத்தில் அப்பா துரைக்கண்ணு ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

"லைசென்ஸ் வச்சிருந்தவரு போயிட்டாருன்னா துப்பாக்கி ஸ்டேஷனுக்கு வந்துடணும்மா. தப்பா நெனைக்காதீங்க."

"மொதல்ல இத எடுத்துக்கினு போங்க, புண்ணியமாப் போவும்."

"லோடு இருக்கா?"

"தெரிஞ்சவரு அங்க படுத்துக்கினு இருக்காரு. கேளுங்க."

பந்தலில் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா ஜெகதீசன் எழுந்து வந்தார்.

"அண்ணன் எப்பவும் மருந்து கெட்டிச்சுதான் வச்சிருக்கும். குடு மதி. சுடுகாட்ல ஒரு வெடி போட்டுட்டுத் தர்றேன். எத்தினி பன்னிய அடிச்ச மனுசன்."

"போட்டா உம்மேல கேஸு," என்றார் ஏட்டு. "லோடோட நானும் வாங்க மாட்டேன்."

சுடவும் கூடாது, சுடாமல் கொடுக்கவும் கூடாது. திண்டிவனத்தில் நைட் டியூட்டி முடித்து அப்படியே பஸ் ஏறி வந்தவள் கலைமதி. உட்கார்ந்து அழக்கூட இந்த ஏட்டு விடவில்லை. சித்தப்பாவின் கை துப்பாக்கிக்கு நீண்டபடியே இருந்தது. அது அவர் கைக்குப் போனால் இன்று இன்னொரு பிணம் விழும்.

குதிரை அடித்ததும் பொறி தட்டும் கேப்பு சொருகியிருக்கவில்லை. அதுவரை நல்லது. கெட்டிக்கும் கம்பியைக் குழாய்க்குள் விட்டாள். அடிவரை போகாமல் நாலு விரற்கடை மேலேயே நின்றது. உள்ளே வெடிமருந்து இருக்கிறது.

அவள் வாசலுக்குப் போய், குளிப்பாட்டக் கொண்டுவந்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு குழாய்க்குள் ஊற்றினாள்.

"அது அப்பாவுக்கு வச்ச தண்ணிடி," என்றாள் அம்மா தையல்நாயகி.

"இதுவும் அவருதுதாம்மா."

மருந்து ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு கம்பியின் திருகு முனையை உள்ளே விட்டுத் திருகி இழுத்தாள். தேங்காய் நார் உருண்டையாக வந்தது. ஈய ரவை சிதறுமே என்று ஒரு தட்டை வைத்துத் துப்பாக்கியைக் கவிழ்த்தாள். கரிய தண்ணீர்தான் வந்தது. உலுக்கினாள். மறுபடி தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தாள். கம்பி இப்போது அடியைத் தொட்டது.

"ரவை எங்க?" என்றார் ஏட்டு.

ஜெகதீசன் குந்தி உட்கார்ந்து தட்டை விரலால் துழாவினார். நாரைப் பிய்த்துப் பார்த்தார். ஒரு ரவைகூட இல்லை.

"அவரு ரவை போட்டு நான் பாத்ததில்ல," என்றாள் தையல்நாயகி. "மல்லாட்டக் கொல்லைல கடல நோண்ட வர்ற பன்னிக்குச் சத்தம் கேட்டா போதும், ஓடிடும்னுவாரு. வெளிய சொல்லாதன்னுவாரு."

"முப்பது வருஷமா பன்னி வுழுந்துச்சி, வுழுந்துச்சின்னு கத சொன்னாரேம்மா," என்றாள் கலைமதி.

ஜெகதீசன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குப் போனார்.

ஏட்டு கையை நீட்டினார்.

"இருங்க," என்றாள் தையல்நாயகி. "ஈரத்தோட குடுத்தா துருப் புடிச்சிடும். கத்துவாரு."

கொடியில் கிடந்த அவருடைய துண்டை உருவி, குழாயை மேலிருந்து கீழாகத் துடைக்கத் தொடங்கினாள். ஏட்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நின்றார்.