கோர்ம் திருப்பித் தந்த சில்லர்

நான் ஒரு ப்ளம்பர். லெம்விக் ஊரில் யார் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டாலும் இந்தத் தோர்கில்லைத்தான் கூப்பிடுவார்கள். "வெறும் சுடுதண்ணியை ஊத்திட்டா சுத்தமாயிடுமா?" என்று வீட்டுக்காரர்களைக் கடிந்துகொள்வதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. ஆனால் வீட்டில் பீர் காய்ச்ச நான் வைத்திருக்கும் சில்லர் என்ற ஆறவைக்கும் கருவியை எப்படிக் கழுவிக்கொண்டிருந்தேன் என்று யாரும் கேட்டதில்லை, வீபெக்காவைத் தவிர.

சில்லர் என்பது ஒரு தடித்த புத்தக அளவுதான். உள்ளே முப்பது எஃகுத் தகடுகள். ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பதால் திறந்து பார்க்க முடியாது. ஒரு வழியில் முளைகட்டிய பார்லியிலிருந்து, அதாவது மால்ட்டிலிருந்து, எடுத்த கொதிக்கிற சாறு போகும், எதிர்த்திசையில் பச்சைத்தண்ணீர் வரும். சில நிமிடங்களில் சாறு ஆறிவிடும். அதன் பிறகு ஈஸ்ட் போட வேண்டும். ஈஸ்ட்டை முந்திக்கொண்டு வேறு கிருமி புகுந்துவிட்டால் பீர் புளித்துப்போகும்.

என் பீர் இரண்டு முறை புளித்துப்போனது. அதுவும் என் நண்பன் கோர்முக்காகக் காய்ச்சியது. கோர்முக்கும் பிர்த்தாவுக்கும் வருகிற ஜூனோடு கல்யாணமாகிப் பன்னிரண்டரை வருடம் முடிகிறது; எங்கள் ஊரில் அதைச் செப்புக் கல்யாணம் என்று கொண்டாடுவோம். விருந்துக்கு வேண்டிய பீர் முழுவதும் என் பொறுப்பு என்று போன வருடமே வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் பீப்பாய் புளித்தபோது மால்ட் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டாவதும் புளித்தபோதுதான், ஜனவரியில் கோர்ம் என் சில்லரை ஒரு வாரம் இரவல் வாங்கிப் போனது ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை எங்கள் பீர் காய்ச்சுவோர் கிளப்பில், பத்துப் பேர் முன்னால் கத்தினேன். "இரவல் வாங்கினா கழுவிக் குடுக்கத் தெரியணும்! உன் அழுக்குக்கு நான் ரெண்டு பீப்பாயைச் சாக்கடையில ஊத்தியிருக்கேன்!"

கோர்ம் குவளையைக் கீழே வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பிர்த்தாவிடமிருந்து செய்தி வந்தது: பீருக்குக் கடையிலேயே சொல்லிவிட்டோம், நீ சிரமப்பட வேண்டாம். இருபது வருட நட்பு. ஆனாலும் தப்பு அவனுடையது என்று வீம்பாக இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை முற்றத்தில் சில்லரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வீபெக்கா எட்டிப் பார்த்தாள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். பீரை வாயில் வைக்க மாட்டாள்.

"அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அட, நம்ம பால் கூலரோட குட்டி! எப்படிக் கழுவுறே?"

"காய்ச்சி முடிச்சதும் சுடுதண்ணி விடுவேன். அப்புறம் கிருமி மருந்து."

"தண்ணியை எந்தப் பக்கமா விடுவே?"

"சாறு போற பக்கமாதான்."

வீபெக்கா சிரித்த சிரிப்பில் வேலி மேலிருந்த காகம் பறந்துவிட்டது. "நீயெல்லாம் ஒரு ப்ளம்பர்! போன வழியிலேயே தள்ளினா அடைச்சது இன்னும் இறுகும். அழுக்கு மேல மருந்து ஊத்தினா என்ன ஆகும் தெரியுமா? அழுக்குக்கு வெளியில மட்டும் குளியல். உள்ளே கிருமி நல்லாத் தூங்கும். முதல்ல கழுவு, அப்புறம் கொல்லு. பால்ல இதைச் செய்யலைன்னா டாங்கர்காரன் பாலைத் தொட மாட்டான்."

வண்டியிலிருந்து ஒரு பம்பும் ஒரு வெள்ளை வாளியும் கொண்டுவந்தாள். வாளி ஏன் வெள்ளை என்று பிறகு புரிந்தது. அழுக்கைக் கரைக்கும் சோடாத் தூளைக் கைபொறுக்காத சூட்டுத் தண்ணீரில் கரைத்தாள். சூட்டைத் தோராயமாகப் பார்க்கவில்லை, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். சில்லரின் வெளியேறும் வாயில் குழாயை மாட்டிப் பின்பக்கமாகத் தள்ளினாள்.

முதலில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. "பாத்தியா, சுத்தமாத்தானே இருக்கு," என்றேன்.

"பொறு."

கால் மணி நேரம் கழித்து 'பொளக்' என்று ஒரு சத்தம். வாளிக்குள் கரும்பச்சைச் சேறு விழுந்தது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். அவள் முகம் சுளிக்கவில்லை. சல்லடையில் வடித்துவிட்டு மறுபடி பின்பக்கம், பிறகு முன்பக்கம், பிறகு பின்பக்கம். ஒவ்வொரு முறையும் வாளியைக் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். எனக்கு இரண்டாம் தடவையிலேயே போதும் என்று தோன்றியது. அவள் ஏழு தடவை செய்தாள். கண்ணுக்குத் தெரியாத முப்பது தகடுகளின் ஒவ்வொரு சந்தும் அவளுக்குத் தெரிந்ததுபோல இருந்தது. முப்பது வருடமாகக் குழாயைப் பிடித்திருக்கும் நான் அப்படிப்பட்ட பொறுமையைப் பார்த்ததில்லை. அவள் மேல் மரியாதை வந்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும்.

"இது என்ன? பழத்தோலா?" என்று சல்லடையை நீட்டினாள்.

பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசடுக்கு நடுவே ஆரஞ்சுத் தோல் துணுக்குகள். உடைந்த கொத்தமல்லி விதை.

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது. எங்கள் கிளப்பில் பீரில் ஆரஞ்சுத் தோல் போடுகிற ஒரே ஆள் நான். அதுவும் போன வருட ஜூனில், எங்கள் ஊரில் நடுக்கோடையில் சொக்கப்பனை போலத் தீ மூட்டும் நாளுக்காகக் காய்ச்சியதில். கோர்ம் இரவல் வாங்கியதற்கு ஏழு மாதம் முன்பு.

வீபெக்கா அதைக் கவனிக்காமல் வேலையைத் தொடர்ந்தாள். கல்போல் படிந்ததைக் கரைக்க அமிலக் கரைசல், பிறகு நல்ல தண்ணீர், கடைசியில் சில்லரை முழுசாகப் பானையில் மூழ்கவிட்டு இருபது நிமிடக் கொதி. "தண்ணியை உதறிட்டு அடுப்புல வெச்சு உலர்த்து. ஈரத்தோட எடுத்து வெச்சே, நானே வந்து உதைப்பேன்."

அன்று மாலையே கோர்ம் வீட்டுக்குப் போனேன். அவன் தோட்டத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினான்.

"கோர்ம், அழுக்கு என்னுதுடா. ஆரஞ்சுத் தோல் வந்துச்சு."

"தெரியும்," என்றான்.

"தெரியுமா? எப்படி?"

"நான் அதுல காய்ச்சவே இல்லை. வாங்கிட்டு வந்ததும் ஊதிப் பாத்தேன், கறுப்பா உதிர்ந்துச்சு. பானையைப் பனியில புதைச்சு ஆற வெச்சுக்கிட்டேன்."

"அடப்பாவி, சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"திருப்பிக் குடுக்கறப்ப சொல்லத்தான் வந்தேன். நீ கதவைத் திறந்ததுமே, 'எப்படி வேலை செய்யுது பாத்தியா என் சில்லரு'ன்னு ஆரம்பிச்சுட்டே. அருமைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சரி, கிளப்புல அந்தக் கத்து கத்தினேனே, அப்பவாவது?"

கோர்ம் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான். "அங்க பத்துப் பேர் இருந்தாங்க. அதுல ஆறு பேர் வீட்டுக் குழாய் உன் கையில. ப்ளம்பரோட குழாய்லயே அழுக்குன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா, திங்கக்கிழமை உன்னை யாருடா கூப்பிடுவா?"

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது, அவன் மேலில்லை. அடுத்த வியாழக்கிழமை சல்லடையில் தங்கிய அந்தச் சேற்றை ஒரு ஜாடியில் ஊற்றிக் கிளப்புக்கு எடுத்துப்போனேன். பத்துப் பேர் முன்னால் மேசைமேல் வைத்தேன். இது என்னுது, கோர்ம் இதைத் தொடவே இல்லை என்றேன். ஜாடியைத் திறந்து முகர்ந்த ஒருவன் வெளியே ஓடினான். மற்றவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். "நாளைக்கு எங்க வீட்டு சிங்க்குக்கு வரேன்னியே, வீபெக்காவையே அனுப்பிடு," என்றான் ஒருவன்.

கோர்ம் மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்துப் பிர்த்தாவைக் கூப்பிட்டான்.

"கடையில பீர் வேணாம்னு சொல்லிடு. தோர்கில் காய்ச்சுறான்."

ருசி பார்க்க அவனுக்கு ஒரு சொட்டு இல்லை; அந்தப் பீருக்கான பானையை நான் இன்னும் அடுப்பில் கூட ஏற்றியிருக்கவில்லை.