நிமிர்த்தி வச்ச கார்

இருபது வருசமா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறவ நான். மரத்தோட பட்டையை மட்டும் மெலிசா சீவணும், உள்ள கட்டையில கத்தி படக் கூடாது. நான் வெட்டுன மரத்துல ஒரு காயம் காட்டுங்க பாப்போம். சும்மா பேச்சுக்குச் சொல்லல, வந்தே பாருங்க.

அடை மழையில தோட்டத்து வேலை நின்னு போச்சு. குருவிட்ட டவுன்ல, நாங்க நானான்னு கூப்பிடுற ஹஸீப் அண்ணனோட பட்டறையில சேந்தேன். வெளிநாட்டுக்காரங்க அலமாரியில வச்சு அழகு பாக்குற குட்டிக் காருங்க செய்ற இடம். அப்ப கையில இருந்தது ஒரு நீலக் கார். நெசக் கார் தரையில ஓடி உலகத்துலயே வேகமானதுன்னு பேர் வாங்குச்சாம். இது என் முன்னங்கை நீளந்தான், உருண்டையா, கூர் மூக்கோட. ரெண்டு பக்கமும் மூக்குப் பக்கத்துல உசந்து வால் பக்கமா சரியுற வெள்ளிப் பட்டை வேணும். அந்த வளைவுல ஸ்டிக்கர் சுருங்குது. டேப் ஒட்டி, கத்தியால கோடு போட்டு, நடுவுல உரிச்சுட்டு பெயின்ட் அடிக்கணும்.

"கீழே நீலத்துல கீறல் விழப்படாது. தோட்டத்துக் கைக்கு இது சரிவராது நானா"ன்னார் பெயின்ட் வேலைக்குத் தலைவரான இன்ஷாப்.

எனக்குச் சுருக்குன்னு ஏறுச்சு. "கொண்டாங்க இங்க"ன்னேன்.

ரெண்டு பக்கமும் ஒரே இழுப்பு. நடு டேப்பை உரிச்சா நீலத்துல ஒரு கீறல் இல்ல. ஹஸீப் நானா வாயைப் பொளந்துட்டார். அப்புறம் காரைத் திருப்பினவர் முகம் வாடிப் போச்சு.

"தங்கச்சி, இந்தப் பக்கம் தலைகீழால்ல இருக்கு?"

ஐயோ! மரத்துல எப்பவும் இடப் பக்கம் உசரம், வலப் பக்கம் பள்ளம். கை அப்படியே பழக்கத்துல போயிருச்சு. ஒரு பக்கம் சரி, மறு பக்கம் பட்டை வால்ல இருந்து மூக்குக்கு இறங்குது.

"நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு சிரிச்சார் இன்ஷாப்.

"நாலு மணிக்கு சாம்பிள் போகணும். அவங்களுக்குப் புடிச்சாத்தான் முந்நூறு காருக்கு ஓடர்"ன்னு நானா தலையில கை வச்சார்.

நல்ல வேளை, இன்னும் பெயின்ட் அடிக்கல. அந்தப் பக்கத்து டேப்பை எடுத்துட்டுப் புது டேப் ஒட்டிக்கிட்டேன். முதல்ல கழிச்சுப் போட்ட ஒரு கார்ல எதிர்ப் பக்கமா இழுத்துப் பாத்தேன். பழகாத பக்கம், கத்தி ஆழமா இறங்கிக் கீறல் விழுந்துச்சு. இன்னொண்ணுலயும் அதேதான். அழுகையா வந்துச்சு, அதை விட ஆத்திரமா வந்துச்சு. இருபது வருசம் வெட்டுன கையை இந்த ஆளு முன்னால தொங்கப் போடவா?

மணி மூணரை. சாம்பிள் காரைத் தூக்கி, மூக்கு வானத்தைப் பாக்க, வாலை மேசையில ஊனி நிறுத்தினேன். அட, அப்படி நிறுத்தினதும் போட வேண்டிய கோடு இடப் பக்கம் மேலேயும் வலப் பக்கம் கீழேயுமா வந்து நிக்குது! என் மரம் மாதிரியே.

"என்ன செய்றீங்க நீங்க?"ன்னார் இன்ஷாப்.

"பால் வெட்டுறேன்"னேன். ஒரே இழுப்பு. உரிச்சுப் பாத்தா கீறலே இல்ல. வெள்ளிப் பெயின்ட் அடிச்சு அது காயுறதுக்குள்ள கூரியர்காரன் வாசல்ல ஹோர்ன் அடிச்சான்.

மூணு வாரத்துல ஓடர் வந்துருச்சு. கோடு வெட்டுனவங்க பேரையும் அடியில போடச் சொல்லி எழுதியிருந்தாங்களாம்.

"டிசைனர் சுகந்தினின்னு போடட்டா தங்கச்சி?"ன்னு கேட்டார் நானா.

"வேணாம் நானா. பால்வெட்டு சுகந்தினின்னு போடுங்க."

முந்நூறு காருக்கு அடியிலயும் அதுதான் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் அந்தப் பேரைக் கையால எழுதினவர் இன்ஷாப்.