வாலுக்குப் பின்னால் நிற்பவள்

சவப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது, கூடத்தில் அதை வைக்க இடமில்லை. நடு மேசையை ஆறடி இறக்கையோடு ஒரு வெள்ளிநிற விமானம் அடைத்துக்கொண்டிருந்தது.

"முதல்ல இத வெளிய எடுங்கம்மா. கை விட்டுப்போவுது" என்றான் பெட்டியைத் தூக்கி வந்த நால்வரில் ஒருவன்.

யோக் மூய் வாலைப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பிடிக்கும்படி மகள் ஹுய் ஷின்னிடம் சொன்னாள். "நடுவுல தொடாத. காகிதம் கிழிஞ்சிடும்." நிலைப்படியில் இறக்கை இடித்தது. ஒரு பக்கமாகச் சாய்த்து, இரண்டடி பின்வாங்கி, மறுபடி சாய்த்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. அதுவரை நால்வரும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். தன் வீட்டுக்குள் போக, தன் விமானத்துக்கு வழிவிட்டுப் பெட்டிக்குள் காத்திருந்தார் அவள் புருஷன் தாக் வெங். உயிரோடு இருந்தபோதும் அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது, அவர் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

மலேசியாவின் கம்பார் ஊரில் நாற்பது வருடம் பல்செட் செய்துகொடுத்தவர் அவர். துக்கம் கேட்க வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் கொறித்தார்கள். யோக் மூய் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, செத்தவருக்குக் காசாக எரிக்கும் தங்கக் காகிதத்தை மடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. நாலு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள், விடிவதற்குமுன் எழுந்து அவரை ஈப்போவுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்வந்தவள். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தவள். இப்போது படுக்கப் போனால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று முடியவில்லை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் மதியம் காகிதக் கடை லாம் வந்தான். மறுமையில் தாக் வெங்குக்கு வேண்டும் என்று எரித்து அனுப்புவதையெல்லாம் லாரியிலிருந்து இறக்கினான். மூன்று மாடிக் காகித வீடு, காகிதக் கார், காகித வேலையாட்கள் இரண்டு பேர், காகிதக் கைப்பேசி. இறக்கி முடித்ததும் பந்தலின் ஓரத்தில் இருந்த விமானத்தைப் பார்த்தான். பக்கத்தில் போய்க் குனிந்தான். இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தான்.

"இத எந்தக் கடையில செஞ்சீங்க? என்கிட்ட சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே" என்றான் கொஞ்சம் மனத்தாங்கலோடு. "உள்ள விலா எலும்பு மாதிரி ஒவ்வொண்ணா வெச்சு ஒட்டியிருக்கான். எரிக்கப்போற சாமானுக்கு யாருங்க இவ்ளோ மெனக்கெடுவாங்க?"

ஹுய் ஷின்னுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது எரிக்கிறதுக்கு இல்ல. அப்பா செஞ்சது. நெஜமா பறக்கும்."

"ஓ" என்றான் லாம். ஆனால் கையை எடுக்கவில்லை. "மரமும் காகிதமும்தானே. நல்லா போய்ச் சேரும்."

தாக் வெங்கின் அக்கா ஆ குவானுக்கு அது போதும். எழுபத்தெட்டு வயதில் அவளுக்குக் காது மந்தம், ஆனால் இதுமாதிரிப் பேச்சு மட்டும் தவறாமல் கேட்கும். "அவன் சொல்றது சரிதான், மூய். தம்பி இதக் கட்டிப் பறக்கவிடாமயே போயிட்டான். அனுப்பிவிடு. அங்கயாவது பறக்கவிடட்டும்."

"அத்தை, பதிமூணு மாசம் செஞ்சாரு" என்றாள் ஹுய் ஷின். "இங்கிலாந்துலேர்ந்து பெட்டியில துண்டு துண்டா வந்தது. ஒவ்வொரு துண்டையும் தேய்ச்சு ஒட்டினாரு. அதப் போயி நெருப்புல போடுவாங்களா?"

"அவன் உடம்பையே நாளைக்கு நெருப்புலதான் போடப்போறோம்."

இருவரும் யோக் மூயைப் பார்த்தார்கள். அவள் ஒரு தாளை மடித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அவளுக்கு விமானங்களைப் பிடிக்கவே பிடிக்காது. முப்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளை அவை தின்றிருந்தன. மற்றப் பெண்கள் சந்தைக்குப் போகும் நேரத்தில் அவள் பழைய ஈயச் சுரங்கத்து மணல்வெளியில், ஏதோ ஒரு விமானத்தின் வாலுக்குப் பின்னால் நிற்பாள். தாக் வெங் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது அடி நடந்து போவார். அங்கே நின்று குச்சியைத் தள்ளுவார். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு எது அசைந்தது என்று தெரியாது, காற்றில் அவள் கத்தினாலும் கேட்காது. அதனால் கைதான். வலது இறக்கையின் மடல் எழுந்தால் வலது கை. இடது எழுந்தால் இடது கை. வாலில் உள்ள சுக்கான் திரும்பினாலும் திரும்பிய பக்கத்துக் கை. அவர் "சரி" என்று கத்துவார். அப்புறம்தான் கையை இறக்கலாம். அவள் கை உயராமல் ஒரு விமானத்தையும் அவர் தரையைவிட்டுக் கிளப்பியதில்லை.

இந்த விமானம் மட்டும் அந்தச் சோதனை நடக்காமல் கிடந்தது. அப்படியே விட்டால் கட்டாயம் கனவில் வந்து கேட்பார். செத்தவர்கள் எதற்காகவெல்லாம் கனவில் வருகிறார்கள்! பக்கத்து வீட்டுக் கிழவர் மூக்குக்கண்ணாடி கேட்டு ஆறு மாதம் வந்தாராம். தாக் வெங் வந்தால் அப்புறம் தூக்கம் ஏது? அனுப்புவதோ வைத்துக்கொள்வதோ, முதலில் இது சரியாக இருக்கிறதா என்று தெரியவேண்டும்.

மூன்று மணிக்கு ரோஸ்லான் வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன், தாக் வெங்கோடு பத்து வருடமாக விமானம் விடுபவன். பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றான். பிறகு பந்தலுக்கு வந்து, தாள் பெட்டியில் அடைத்த செவ்வந்தித் தேநீரை மட்டும் வாங்கிக்கொண்டு விமானத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான். எரிக்கும் யோசனையைக் கேட்டதும் தேநீரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணி, ஒரே ஒரு தடவ. நாளைக்குக் காலையில ஊர்வலத்துக்கு முன்னாடி நம்ம மணல்ல ஒரு சுத்து. நானே விடுறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க."

"விழுந்துட்டா?"

"விழாது அண்ணி. அண்ணன் வேலை. எந்த நாளும் ஒரு குறை வெச்சதில்ல. பெட்டி போறதுக்கு முன்னாடி இது பறக்கட்டும். பறந்தத பார்த்தாதான் எனக்கு மனசு ஆறும்." அவன் குரல் உடைந்தது. அவனுக்கு அழுகை சுலபமாக வந்தது. யோக் மூய்க்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

"சரி, முதல்ல எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பார்த்துடு" என்றாள்.

ரோஸ்லான் பேட்டரியை மாட்டினான். பத்திரத்துக்காக மூக்கிலிருந்த விசிறியைக் கழற்றினான். விமானத்தைப் பந்தலுக்கு வெளியே தெருவில் வைத்தார்கள். கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். குச்சிகளை அவன் ஒருமுறை ஆட்டினான், மடல்களும் சுக்கானும் உர்ரென்று அசைந்தன. "எல்லாம் அசையுது. அருமையா இருக்கு" என்றான்.

"தூரத்துல நின்னு பார்க்கலியா?"

"பாக்கிறேன் அண்ணி." ரிமோட்டோடு தெருவில் நடந்தான். முப்பது அடியில், எதிர்வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் நின்றான்.

யோக் மூய் எழுந்து வந்து வாலுக்குப் பின்னால் நின்றாள். யாரும் அவளை அழைக்கவில்லை. கால் தானாக வந்து நின்றது.

ரோஸ்லான் குச்சியைத் தள்ளினான். சுக்கான் வலது பக்கம் திரும்பியது. அவள் வலது கை உயர்ந்தது. அவன் அடுத்த குச்சியைத் தள்ளினான். அவள் இடது கையை உயர்த்தினாள்.

ரோஸ்லான் அங்கிருந்தே கத்தினான். "அண்ணி, நான் வலது தள்ளினேன்!"

அவள் கையை இறக்கவில்லை.

அவன் மறுபடி தள்ளினான். இடது மடல்தான் எழுந்தது. வலது மடல் கீழே தொங்கியது. இடது கை அப்படியே இருந்தது. ரோஸ்லான் ஓடிவந்தான். பின்னால் குனிந்து தானே தள்ளிப் பார்த்தான்.

"தலைகீழா மாட்டியிருக்கு."

"அப்டின்னா?" என்றாள் ஹுய் ஷின்.

"வலது பக்கம் திருப்பினா இடது பக்கம் சாயும். பயந்துபோயி இன்னும் தள்ளுவோம், இன்னும் சாயும். தரையவிட்டுக் கிளம்பி நாலு நொடி. அவ்ளோதான்." அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் அசையுதான்னு பார்த்தேன், எந்தப் பக்கம்னு பார்க்கல. நாளைக்கு நானே இதத் தூள் பண்ணியிருப்பேன். ஆனா அண்ணன் இப்டி மாட்டுவாரா? கத்துக்குட்டி பண்ற தப்பு இது."

"கைய இறக்கட்டுமா?" என்றாள் யோக் மூய்.

"ஆங்? சரி, சரி அண்ணி."

அவள் கையை இறக்கினாள். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒருநாளும் மாற்றிச் செய்யாத மனுஷன். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, இறக்கையின் மூடிகளை ஒட்டிவிட்டு, "முடிஞ்சுது மூய். ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார். "முதல்ல கஞ்சியக் குடிங்க" என்று அவள் கிண்ணத்தை வைத்தாள். அவர் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து, காம்பைக் கஞ்சியில் விட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் குத்தியது. அன்றைக்கே அவருக்குத் திசை போய்விட்டிருக்கிறது. நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தும் அவள் பார்க்கவில்லை. அவர்மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது.

"ரிமோட்ல ஒரு பொத்தான் இருக்கு. அழுத்தினா நேராயிடும்" என்றான் ரோஸ்லான்.

"ரிமோட்ட எரிக்க முடியாது. அது இங்கயேதான் கிடக்கும். விமானத்துலயே மாத்து."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஆ குவான் மட்டும் தலையை ஆட்டினாள்.

"அப்போ அனுப்பப்போறியாம்மா?" ஹுய் ஷின் மெதுவாகக் கேட்டாள்.

"அவரோடது. அவர்கிட்டயே போகட்டும். ஆனா தப்பா அனுப்பமாட்டேன். மேல போயி முதல் நாளே விழுந்து நொறுங்கினா யார்கிட்ட போயி நிப்பாரு?"

ரோஸ்லான் வேனிலிருந்து சாமான் பெட்டியைக் கொண்டுவந்தான். இறக்கையின் அடியில் தாக் வெங் ஒட்டியிருந்த மூடிகளைக் கத்தி முனையால் நெம்பினான். உள்ளே சின்ன மோட்டார்களில் மாட்டியிருந்த கம்பிகளை மறுபக்கத் துளைக்கு மாற்றினான். லாம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விளக்குப் பிடித்தான்.

ஹுய் ஷின் ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டியை வெட்டி ரிமோட் செய்யத் தொடங்கினாள். இரண்டு பல்குச்சிகளை வைத்துக்கொண்டு யோசித்தாள். "எந்தக் குச்சி எதுக்கும்மா?"

"இடது குச்சி வேகத்துக்கும் சுக்கானுக்கும். வலது குச்சி இறக்கைக்கும் ஏறி இறங்கவும்."

"உனக்கு எப்டி தெரியும்? விமானம்னாலே திட்டுவியே."

"திட்டுறதுக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?"

ரோஸ்லான் மறுபடி ரம்புத்தான் மரத்தடிக்குப் போனான். வலது தள்ளினான். வலது கை உயர்ந்தது. "சரி!" என்றான். இடது தள்ளினான். இடது கை. "சரி!" பந்தலில் யாரோ கை தட்டப்போய், இடம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

பேட்டரியைக் கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இது மட்டும் போகக்கூடாது அண்ணி. நெருப்புல வெடிக்கும்."

"அப்போ எதுல ஓடும்?" என்றாள் ஆ குவான்.

"அங்க எல்லாம் ஓடும், அக்கா" என்றான் லாம் தொழில்காரனின் உறுதியோடு. "என் காருக்கே நான் எஞ்சின் வைக்கிறதில்ல."

ஆறு மணி வெயிலில், வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் தகரம் விரித்தார்கள். நடுவில் காகித வீடு, முன்னால் கார், இரண்டு பக்கமும் வேலையாட்கள். விமானத்தைத் தெற்குப் பார்க்க, அது கிளம்பும் வழி மறையாமல் தனியாக வைத்தார்கள். ஹுய் ஷின் அட்டை ரிமோட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். குடும்பத்தார் சுற்றி வட்டமாக நின்று ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வட்டத்தில் இடைவெளி விழுந்தால் ஊர்சுற்றி ஆவிகள் நுழைந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ரோஸ்லான் கயிற்றுக்கு வெளியே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். யோக் மூய் நின்ற இடம் வாலுக்கு நேர் பின்னால் அமைந்தது. யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை.

பூசாரி மணியடித்துப் பெயர் சொன்னதும் லாம் தீ வைத்தான்.

"தம்பி, வந்து வாங்கிக்கோ!" என்று ஆ குவான் கூவினாள். "வீடு வந்திருக்கு, காரு வந்திருக்கு!"

"பா, வாங்கிக்கோங்க!" ஹுய் ஷின்னின் குரல் பிசிறியது. "பா, உங்க விமானம்!"

யோக் மூயும் கூப்பிடவேண்டும். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவ்வளவு அசதி.

காகித வீடு ஒரே மூச்சில் போனது. நெருப்பு விமானத்துக்குத் தாவியது. இறக்கையின் மேல்தாள் சுருங்கிப் பிய்ந்து பறந்தது. உள்ளிருந்த விலாக்கட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, பதிமூன்று மாதமும் வரிசையாக. அவள் கூட்டிப் பெருக்கிய மரத்தூள், அவள் திட்டிய பசை வாசம், எல்லாம் அதில் இருந்தது. வால் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. சுக்கானை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருந்தது தூண்டில் நூல்தான். ஒரு பக்கத்து நூல் சூட்டில் உருகி அறுந்தது. அனல்காற்று வாலைத் தொட்டது.

சுக்கான் அசைந்தது. கொஞ்சம் தயங்கி, பிறகு நன்றாக வலது பக்கம் திரும்பி நின்றது.

யோக் மூயின் வலது கை கயிற்றை விட்டு மேலே போனது.

"மூய், கயித்தப் புடி!" ஆ குவான் பதறினாள். "இடைவெளி விழுதுல்ல!"

ஹுய் ஷின் அம்மாவைப் பார்த்தாள். ஓரடி நகர்ந்து, அம்மா விட்ட கயிற்றையும் சேர்த்துத் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

வாலும் பற்றிக்கொண்டது. கறுப்புத் தூள் பறந்துவந்து யோக் மூயின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. தோள்பட்டை வலித்தது. நெருப்புக்கு அந்தப் பக்கம் முப்பதடி தூரத்தில் வேலியும் ஒரு வாழை மரமும் இருந்தன. அவள் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி" என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அவள் கையை இறக்கவில்லை.