ஒரு மூடி கிராம்பு எண்ணெய்

வீட்டில் எல்லாரும் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரி. துணியில் கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். மற்ற விஷயங்களில் எல்லாம் அவசரம், அவசரம்தான். அண்ணனோடும் அண்ணியோடும் மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். அண்ணன் பேருந்து ஓட்டுநர். அண்ணிக்குப் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை.

நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டி அண்ணனுக்கு முதுகுவலி. பட்டாசுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேன்மெழுகையும் சூரியகாந்தி எண்ணெயையும் உருக்கித் தைலம் செய்தாள். சூடு ஏறட்டும் என்று கிராம்பு எண்ணெய் வாங்கி வைத்திருந்தாள். அந்தக் குப்பியில் எவ்வளவு விடலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடி எடுக்கச் சோம்பல். நூறு கிராம் டப்பாவுக்கு ஒரு மூடி என்று கணக்கு வைத்து ஐந்து டப்பாவிலும் ஊற்றினாள். வாசனை படிக்கட்டு வரை போனது. அண்ணனுக்கு ஒன்றை வைத்துவிட்டு, மீதி நான்கையும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அண்ணன் தாராளமாகத் தடவிக்கொண்டான். ஐந்தே நிமிஷம். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினான்.

"தண்ணி ஊத்தாதீங்க, அது போகாது," என்று அண்ணி தடுத்தாள். வெறும் சமையல் எண்ணெயைத் துணியில் நனைத்து முதுகை வழித்தெடுத்தாள். அப்புறம்தான் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். முதுகு செங்கல் நிறத்தில் இருந்தது. நல்லவேளை, கொப்புளம் இல்லை.

"எவ்வளவு ஊத்தினே?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒரு மூடி."

"மூடின்னா எவ்வளவு?"

"மூடின்னா மூடி, அண்ணி."

அண்ணி அலமாரியிலிருந்து சின்னத் தராசை எடுத்து வந்தாள். ஒரு மூடி எண்ணெயை ஊற்றி நிறுத்தாள். ஐந்து கிராம். குப்பியில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"உடம்புல பூசி அப்படியே விடுறதுன்னா, நூறு கிராமுக்கு அரை கிராம்தான் போகணும். நீ பத்து மடங்கு போட்டிருக்கே."

"செடியிலேர்ந்து வர்றதுதானே? இயற்கைதானே?"

"மிளகாயும் செடியிலேர்ந்துதான் வருது. கண்ணுல தேய்ச்சுப்பியா?"

பட்டாசுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுக்கும்போதே மீதி நான்கு டப்பா ஞாபகம் வந்தது. அதில் ஒன்று முதல் மாடியில், கைக்குழந்தைக்காரியிடம்.

ஜோடி மாறிய செருப்போடு இறங்கி ஓடினாள். கதவைத் திறந்த கைக்குழந்தைக்காரியின் தோளில் துண்டு. "வா வா. குளிப்பாட்டியாச்சு, இப்பத்தான் உன் தைலத்தைத் தடவலாம்னு எடுத்தேன்." டப்பா மேசையில் இருந்தது. ஒட்டிய நாடா பிரியவில்லை. பட்டாசு அதைப் பறிக்காத குறையாக எடுத்துக்கொண்டாள்.

"தடவாதீங்க அக்கா. நான் தப்பாக் கலந்துட்டேன்."

தப்பு என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வார்த்தை வெளியே வந்ததும் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். குழந்தை மட்டும் அவளைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

அடுத்து உடற்பயிற்சிக்கூடத்துப் பயிற்சியாளர். இரண்டு தோளும் தக்காளியாகச் சிவந்திருந்தன. "காந்துது தங்கச்சி. அதான் வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன்," என்றார். டப்பாவைக் கொடுக்கவே மனசில்லை அவருக்கு. எண்ணெயால் துடைத்துக் கழுவுகிற வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. துணி தைக்கக் கொடுக்கும் டீச்சர் இன்னும் தொடவே இல்லை. கடைசியாகத் தபால்காரர்.

"அருமையான பாலிஷ்மா," என்று காலை நீட்டிக் காட்டினார். ஷூ பளபளத்தது. வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்த அழுகை அங்கேதான் சிரிப்பாக வெடித்தது.

மறுநாள் அண்ணிக்கு விடுமுறை. "எல்லாத்தையும் கொட்டிடவா?" என்று பட்டாசு கேட்டாள்.

"பிரிச்சதைக் கொட்டிடு. பிரிக்காத ஒண்ணை எடு. கிராம்பு சேர்க்காத தைலம் இன்னும் ஒன்பது பங்கு கலந்தா சரியா வரும்."

இருவரும் அடுப்படியில் நின்று மெழுகை உருக்கினார்கள். அண்ணி அளவைப் படிக்க, பட்டாசு மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசில் ஊற்றினாள். ஒரு டப்பா பத்து டப்பா ஆனது. கிராம்பு எவ்வளவு, எந்தத் தேதி, குழந்தைகளுக்குக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டினாள். கைக்குழந்தைக்காரிக்கென்று வாசனை எண்ணெயே சேர்க்காமல் தனியாக ஒரு டப்பா செய்தாள்.

"முதல்ல யாருக்காவது முழங்கை மடிப்புல காசளவு தடவி ஒரு நாள் பார்க்கணும்," என்றாள் அண்ணி.

அண்ணன் நாற்காலியோடு பின்வாங்கினான். "என் தோல் நேத்தோட வேலையை ராஜினாமா பண்ணிடுச்சு."

பட்டாசு தன் கையையே நீட்டினாள். அடுத்த நாள் முழுக்க மணிக்கொரு தரம் மடிப்பைப் பார்த்துக்கொண்டாள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை. மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் உப்பு, புளி தவிர அதிகம் பேசாத இருவரும் அன்று சாயங்காலம் முகத்துக்கான தைலத்தில் லாவெண்டர் எண்ணெய் போடலாமா, போட்டால் எத்தனை சதவீதம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"பசிக்குது," என்று அண்ணன் மூன்றாவது தடவையாகச் சொன்னான். யார் காதிலும் விழவில்லை.