இரண்டு மிதி

குழியைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனை பழங்காசு தேடும் எங்கள் சங்கத்தில் யாரும் மன்னிப்பதில்லை. திருடனைக்கூட மன்னித்துவிடுவோம். புல்தரையை மூன்று பக்கம் வெட்டி, பெட்டி மூடி போலத் திருப்பி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, மண்ணைத் தள்ளி, மூடியைக் கவிழ்த்து மிதித்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஒரு பசுவின் கால் அதில் மாட்டினால் போதும், இங்கிலாந்தின் இந்த நார்ஃபோக் பக்கம் எந்தப் பண்ணைக்காரரும் எங்களை வாசலில் சேர்க்க மாட்டார்.

அப்படிப்பட்ட சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான க்ளெமென்ட் தர்ட்டில்தான் குழியைத் திறந்து போட ஆரம்பித்தார்.

பழங்காசு என்றால் க்ளெமுக்கு உயிர். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் டிடெக்டரை அவர் வீசிக்கொண்டு முன்னால் போவார், மனைவி மேவிஸ் தேநீர் பிளாஸ்கோடு பின்னால் வருவாள். கருவியை அவள் தொட்டதே இல்லை. அவர் தோண்டுவதை மூடுவதுதான் அவள் வேலை. குதிகாலால் இரண்டு மிதி மிதிப்பாள், தட், தட். "ஒண்ணு புல்லுக்கு, ஒண்ணு பசுவுக்கு" என்பாள். நாங்களெல்லாம் சோம்பேறிகள், ஒரே மிதி.

போன இலையுதிர் காலத்தில் பண்ணைக்காரர் கேதர்கோலின் மேய்ச்சல் நிலத்தில் அவளுடைய கல்யாண மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. நோயில் விரல் அவ்வளவு மெலிந்திருந்தது. பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். "அது அங்க தனியாக் கெடக்குது க்ளெம், எடுத்துட்டு வந்துடு" என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது.

அன்றிலிருந்து அவர் அந்த நிலத்தை விட்டு நகரவில்லை. ஒருநாள் ஹென்றி ராஜா காலத்து வெள்ளிக்காசு ஒன்று கிடைத்ததாம். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சங்கத்து டெஸ்ஸின் கையில் போட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

நிலமோ கைவிட்டுப் போகப் போகிறது. கேதர்கோல் அதைச் சூரிய மின்தகடு வைக்கக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை கம்பம் நடுகிறார்கள்.

திறந்த குழியை முதலில் பார்த்தவன் டெஸ்தான். காலையில் நாயோடு நடக்கப் போனவன், மூடிவிட்டு என்னிடம் வந்து சொன்னான்.

"கெழவனுக்கு மறதி வந்துடுச்சு பெரில்."

மறதி இல்லை. அந்த வாரம் மதுக்கடையின் பின்னறையில் சங்கம் கூடியபோது க்ளெமே வாயைத் திறந்தார்.

"மேவிஸ் வந்துட்டுப் போறா" என்றார், பக்கத்து ஊர்ச் சேதி சொல்வது போல. "நான் மிஷினப் பையில வைக்கிற நேரத்துல கடைசிக் குழிய எப்பவும் அவதான் மூடுவா. அதான் கடைசிய மட்டும் தொறந்து விட்டுட்டு வர்றேன். காலைல போனா மூடியிருக்கு."

டெஸ்ஸின் முகம் வெளுத்தது. தினமும் மூடிக்கொண்டிருந்தவன் அவன்தானே. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற கூட்டம், அன்று உருளைக்கிழங்கு வறுவலைக் கொறிப்பதில் மும்முரமாகிவிட்டது. அவர் எழுந்து போனதும் யார் எந்தக் காலையில் போய் மூடுவது என்று முறை வைத்துக்கொண்டோம். பொய்தான். ஆனால் அந்த முகத்தில் மேவிஸ் போனபின் முதல் தடவையாகச் சாப்பிட்ட களை இருந்தது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் முழுக்க வந்து வரிசையாக நிலத்தைச் சலிப்பது என்று முடிவாயிற்று. அன்று காலைக் குழி என் முறை. என் கார் கிளம்பவே இல்லை. உதைத்தேன், திட்டினேன், கடைசியில் டெஸ்ஸை அழைத்து அவன் வண்டியில் ஏறினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள், க்ளெமும்தான்.

போச்சு, எல்லாம் அம்பலமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே வேலியோரம் ஓடினேன். குழி மூடியிருந்தது.

"நல்ல வேள, நீ மூடிட்ட" என்றேன் டெஸ்ஸின் காதில்.

"நானா? ஒன் மொறைதானே இன்னிக்கு. நான் எதுக்குப் போறேன்?"

ஒவ்வொருவரிடமும் போய்க் கிசுகிசுத்துக் கேட்டேன். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். கேதர்கோலோ வாரக்கடைசி முழுக்க மகள் வீட்டில். பனி அப்படியே படிந்திருந்த அந்தப் புல்லில் குழிக்குப் போன காலடி ஒன்றுகூட இல்லை. மூடியின் மேல் மட்டும் குதிகால் தடம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு.

என்னையறியாமல் ஓரடி பின்வாங்கினேன். இத்தனைக்கும் நான் பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள்.

மாலை வரை தேடினோம். கிடைத்ததெல்லாம் பீர் டின்னின் வளையமும் குதிரை லாடமும்தான். மூடிய குழியை எங்களில் யாரும் தொடுவதில்லை. அது முடிந்த கணக்கு, அதன் மேல் கருவியை வீசுவதுகூட வீண் வேலை. அதனால் எல்லோரும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டே போனோம். வெளிச்சம் மங்கியபோது க்ளெம் வேலிக்கம்பில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நாளைக்குக் கம்பம் வந்துவிடும் என்ற நினைப்பு அந்தத் தோள்களில் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு நேராக அந்த மூடிய குழிக்குப் போனேன்.

கத்தியது. இரும்பின் கரகரப்பு இல்லை, மணி போலச் சுத்தமான ஒலி.

"க்ளெம், இங்க வாங்க."

அவர் மண்டியிட்டு மூடியைத் திருப்பினார். மோதிரம் மேல் மண்ணிலேயே கிடந்தது, மண் ஒட்டாமல். நேற்று அவரே தோண்டிய குழி. தோண்டிப் போட்ட மண்ணையும் ஒரு தடவை வீசிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பது எங்கள் வழக்கம், க்ளெம் அதை மறக்கிறவர் இல்லை.

மோதிரத்தைச் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டு அவர் அழுதார். டெஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"க்ளெம்" என்றேன், "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தன நாளா அந்தக் குழிய..."

"தெரியும்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க காலு எனக்குத் தெரியாதா? எல்லாம் ஒத்த மிதி. எனக்காக இவ்வளவு தூரம் நடக்குறீங்களேன்னுதான் தெனமும் தொறந்து விட்டேன். யாராவது என்ன நெனச்சுட்டுதான் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கு." கையை நீட்டி அந்தத் தடங்களைத் தொட்டார். "இன்னிக்கு மட்டும்தான் ரெண்டு."

அவர் மண்ணைத் தள்ளி மூடியைக் கவிழ்த்து, ஒரு மிதி மிதித்தார். இன்னொன்று மிதிக்கவில்லை. கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாயிற்படலை நோக்கி நடந்தார். நாங்களும் பின்னாலேயே, கொஞ்சம் வேகமாகவே நடந்தோம்.

படலைச் சாத்தும்போது பின்னால் தட் என்று ஒரு சத்தம் கேட்டது. டெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். க்ளெம் சிரித்தார்.

"அது பசுவுக்கு" என்றார்.